2,000 ரிங்கிட்: தன்முனைப்பு முகாமா, வேறு ஏதாவதா? ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளின் மனத்திடமும் பொறுப்பும்

செந்தூல்_செயலாளர்

வணக்கம். தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெ.ஆ.ச. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) சார்பில் கேட்கிறேன். மாணவர் நலத்துக்கென்று 2,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறோம். நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு வகுப்பு, மொத்தம் 90 பிள்ளைகள். செயற்குழுவில் பாதிப்பேர் ஒரு நாள் தன்முனைப்பு முகாம் போதும் என்கிறார்கள்.

தலைமையாசிரியர் கேட்பது இரண்டு. சின்னத் தோல்விக்கே பிள்ளை உடைந்துபோகக் கூடாது. என் வகுப்பு, என் பள்ளி, என் தாமான் (குடியிருப்பு) என்கிற பொறுப்பு வர வேண்டும். முகாம் இதைத் தருமா? தராதென்றால் அதே பணத்தில் என்ன செய்யலாம்? தத்துவம் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் தொடங்கக்கூடிய மாதிரி சொல்லுங்கள்.

பிறை_டீச்சர்

ஒரு நாள் முகாமின் அச்சு எங்கு போனாலும் ஒன்றுதான். காலையில் கைதட்டல் விளையாட்டு, மதியம் இலக்கு எழுதுதல், மாலையில் விளக்கை அணைத்து, சோக இசை போட்டு, அம்மா அப்பாவை நினைத்து அழவைத்தல். சில இடங்களில் பாதபூஜையும் உண்டு. யூ.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு இருந்த காலத்தில், தேர்வுக்கு முன்பு செய்து பழகியது. தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், இது மட்டும் போகவில்லை.

பிள்ளைகளின் அழுகை பொய்யில்லை. ஆனால் அழுது முடித்த பிள்ளை மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அப்பாவை இழந்த பிள்ளைக்கும் அம்மா பிரிந்துபோன பிள்ளைக்கும் அந்த இருட்டு அரைமணி நேரம் வேறு மாதிரி போய்விடும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருக்காது, பேச்சாளர் அடுத்த பள்ளிக்குக் கிளம்பியிருப்பார்.

என் கணக்கு எளிது. மனத்திடமும் பொறுப்பும் இரண்டு பாடம் இல்லை. பிள்ளையின் கையில் உண்மையான வேலை ஒன்று இருந்தால் இரண்டும் அதிலிருந்தே வரும். அந்தப் பிள்ளை செய்யாவிட்டால் மற்றவருக்குச் சிரமம் தெரிகிற வேலையைத்தான் உண்மையான வேலை என்கிறேன். சுவரில் தொங்கும் துப்புரவு அட்டவணை அப்படிப்பட்டதில்லை. "திங்கள் குழு: ஆறு பேர்" என்று எழுதியிருக்கும், இரண்டு பேர் பெருக்குவார்கள், நான்கு பேர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அது அந்த நான்கு பேரின் குணக்கேடு இல்லை. டார்லி, லத்தானே என்ற உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட சோதனையில், ஆபத்தில் இருப்பவரின் குரலைத் தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்குப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர்தான் அதற்குள் போனார்கள். பெரியவர்களே அப்படி.

அதனால் ஒரு வேலைக்கு இருவர், அதற்கு மேல் கூடாது. 30 பேர் வகுப்பில் 10 வேலை. 20 பேர் பணியில், 10 பேர் ஓய்வில், இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம். ஆறு வாரத்தில் எல்லாரும் இரண்டு வேலை பார்த்திருப்பார்கள். வெண்பலகை, விசிறி விளக்கு அணைத்தல், குப்பைத்தொட்டி, கை கழுவும் தொட்டி, நூல்களை எண்ணி வாங்குதல் என்று பத்து சுலபமாகச் சேரும். நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது ஒன்று: அன்றைக்கு வராத நண்பனுக்குப் பயிற்சித்தாள் எடுத்து வைத்து, வந்ததும் என்ன நடந்தது என்று சொல்கிற வேலை. அதைச் செய்யாமல் விட்டால் யாருக்குச் சிரமம் என்பது மறுநாள் காலையிலேயே கண்ணுக்குத் தெரியும்.

வேலையைப் பழக்க நான்கு நாள். முதல் நாள் ஆசிரியர் செய்வார், பிள்ளை பார்க்கும். இரண்டாம் நாள் சேர்ந்து. மூன்றாம் நாள் பிள்ளை செய்யும், ஆசிரியர் பார்ப்பார். நான்காம் நாள் தனியே. வேலை முடிந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு படம் எடுத்து அந்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள். "சுத்தமா இருக்கா?" என்று கேட்டால் பிள்ளை ஆமாம் என்றுதான் சொல்லும். "படத்தில் இருக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டால் திரும்பிப் பார்க்கும். துடைப்பத்தின் பிடி பிள்ளையின் நெஞ்சளவுக்கு இருக்கட்டும், நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். பெரியவர் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பெருக்கத் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது.

இது கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். தாமதமாக வந்தவனைத் தண்டனையாகப் பெருக்கவிட்டால் அன்றோடு பெருக்குவது அவமானம் ஆகிவிடும். கெட்டிக்காரப் பிள்ளைக்கே பொறுப்பான வேலையைக் கொடுத்தால், மற்றவர்கள் நமக்கெல்லாம் இல்லை என்று ஒதுங்கிக்கொள்வார்கள். இரண்டையும்விட மோசமானது, அரைகுறையாக முடித்ததை ஆசிரியரே சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவது. கூப்பிட்டுக் காட்டி, அந்தப் பிள்ளையே முடிக்கட்டும். இரண்டு நிமிடம் பஸ் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

கெப்போங்_அப்பா

டீச்சர் சொல்றது நல்லாதான் இருக்கு. ஆனா இப்பத்த பிள்ளைங்க ஏன் உடையுதுங்க? யாரும் திட்டறதில்ல, அதான். தோத்தா "பரவால்ல கண்ணு", அழுதா உடனே கைப்பேசி. கண்டிப்பு இல்லாம திடம் எங்கேர்ந்து வரும்? தோத்துட்டே, போய்ப் படின்னு நேரா சொல்லணும் லா.

ஜார்ஜ்டவுன்_ஆலோசகர்

@கெப்போங்_அப்பா அண்ணே, நேராகச் சொல்ல வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். திட்டு திடம் தரும் என்பதில் இல்லை.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் அவர்களுடைய 40 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறினார்கள். தேறியவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நிலையாகப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவராவது இருந்தார். அவர் அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டி, ஆசிரியர், அண்டைவீட்டார் யாராகவும் இருக்கலாம். இன்னொன்று, வீட்டுக்குத் தேவையான ஒரு வேலை அந்தப் பிள்ளையின் பொறுப்பில் இருந்தது: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மாதிரி. பிறை டீச்சர் சொன்னதும் அதுதான்.

தோல்விக்கு வருகிறேன். உடைந்து அழுகிற பிள்ளையிடம் அந்த நிமிடத்தில் பாடம் நடத்தினால் காதில் ஏறாது. முதலில் உடம்பு அடங்க வேண்டும்: நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுதல், ஐந்து முறை. பல பள்ளிகளில் இது பலிக்காமல் போவதற்குக் காரணம், அழும்போது மட்டும் "மூச்சு விடு" என்று சொல்வதுதான். நீச்சலைக் கரையில் கற்றுக்கொடுக்காமல் ஆழத்தில் தள்ளுகிற மாதிரி. தினமும் ஓய்வு முடிந்து வகுப்புக்குள் வந்ததும் ஒரு நிமிடம் எல்லாரும் செய்தால், மூன்று நான்கு வாரத்தில் தேவைப்படும்போது தானாக வரும்.

அடங்கிய பிறகு உண்மையைக் குறைக்காமல் சொல்லுங்கள். "பத்தில் நாலு. பின்னம் கூட்டுறதெல்லாம் தப்பு, கழிக்கிறது சரி. கூட்டுறதில் எங்க மாறுதுன்னு பார்ப்போமா?" இதில் ஆறுதல் பொய்யும் இல்லை, "உன் மண்டைக்கு வராது" என்ற தீர்ப்பும் இல்லை. தப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான். பிள்ளை "எனக்கு வராது" என்றால் "இன்னும் வரலன்னு சொல்லு" என்று திருத்தலாம். ஆனால் அடுத்த ஐந்து நிமிட வேலை என்ன என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த "இன்னும்" வெறும் சொல்தான்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். முல்லர், டுவெக் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்தார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள், பிறகு கடினமான புதிரில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள், மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களிடம் இது குறைவு. உடனே "நல்ல முயற்சி, நல்ல முயற்சி" என்று மந்திரம்போல ஓதாதீர்கள், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். என்ன வழியைப் பயன்படுத்தினான் என்பதைச் சொல்லுங்கள்: "படம் வரைஞ்சு பார்த்ததாலதான் இந்தக் கணக்கு பிடிபட்டுது."

வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலை 1 முதல் 6 வரையுள்ள எண்ணைப் பழைய ஏ, பி, சி போலப் பார்க்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்த எண்ணுக்கு எதிரே ஒரு விளக்க வாக்கியம் இருக்கும். வீட்டில் அதைப் படித்துக்காட்டுங்கள், வாட்ஸ்அப் குழுவில் எண்ணைப் போட்டு ஒப்பிடாதீர்கள்.

பாகான்_டாலாம்_அக்கா

வீட்டுப் பக்கம் நான் சொல்றேன். பள்ளியில பெருக்கற பிள்ளை வீட்டுல சாப்பிட்ட தட்ட அப்படியே வச்சுட்டுப் போகும். டீச்சர் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் பாதிதான் நிக்கும்.

ஏழு வயசுல புத்தகப்பைய முதல் நாள் ராத்திரியே தானே அடுக்கணும், தன் துணிய மடிக்கணும். ஒன்பது வயசுல உணவுப்பெட்டியும் தண்ணி பாட்டிலும் தானே கழுவணும், மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தக் கழட்டி. அத யாரும் சொல்லித்தர மாட்டாங்க, அங்கதான் கருப்பா பூஞ்சை பிடிக்கும். பதினொரு வயசுல ரெண்டு கப் அரிசி அளந்து, மூணு தடவ களைஞ்சு, சட்டியில இருக்கிற கோடு பார்த்துத் தண்ணி வச்சு, குக்கர் பொத்தான அமுக்கணும். அமுக்க மறந்தா அன்னைக்கு எல்லாருக்கும் சோறு லேட்டு. லேட்டாகட்டும். யாரும் கத்த வேணாம், பசியே சொல்லிக்கும்.

வீட்டுல பாட்டிதான் பெரிய சிக்கல். "பாவம் பிள்ள, நான் செஞ்சுடறேன்"னு எழுந்துடுவாங்க. பாட்டிய எதுத்துப் பேச வேணாம். "பாட்டி, நீங்கதான் இவளுக்கு வாத்தியாரு, கையால தொடாம வாயால சொல்லிக்குடுங்க"ன்னு பதவி குடுத்துடுங்க. அப்புறம் பாருங்க, நம்மளவிடக் கண்டிப்பா இருப்பாங்க.

மறந்துட்டுப் போன சாமான மோட்டார்ல கொண்டுபோய்க் குடுக்கறதப் பத்தியும் சொல்லணும். ஆஸ்துமா பஃப், கண்ணாடி, சாப்பாடு, இதெல்லாம் கொண்டுபோகலாம். வீட்டுப்பாட நோட்டு, கலர் பென்சில், ஓவியத்தாள் வேணாம். இந்தப் பட்டியல முன்கூட்டியே பிள்ளைகிட்டச் சொல்லிடணும். மறந்த அன்னைக்குப் புதுசா சட்டம் போட்டா அது பழிவாங்கற மாதிரி இருக்கும்.

செந்தூல்_செயலாளர்

அக்கா, பாட்டிக்குப் பதவி கொடுக்கும் யோசனையைச் செயற்குழுவிலும் பயன்படுத்தலாம் போல.

அடுத்தது. பிள்ளைகள் சண்டை, கேலி, பென்சில்பெட்டி ஒளித்துவைத்தல். இப்போது நடப்பது: கட்டொழுங்கு ஆசிரியர் கூப்பிடுவார், "மன்னிப்புக் கேளு", கேட்பான், கை குலுக்குவார்கள், மறுநாள் அதே கதை.

பிறை_டீச்சர்

வற்புறுத்திக் கேட்கவைக்கும் மன்னிப்பு, தப்பிப்பதற்கான கடவுச்சொல். அதற்குப் பதிலாக நான்கு கேள்வி. என்ன நடந்தது? யாருக்கு என்ன ஆனது? சரிசெய்ய என்ன செய்வாய்? எப்போது செய்வாய்? கடைசிக் கேள்விக்கு நாளும் நேரமும் சொல்ல வேண்டும், ஆசிரியர் குறித்துவைத்துப் போய்ப் பார்க்க வேண்டும். கிழித்த நோட்டை ஒட்டித் தருவது, கேலிப்பெயரைப் பரப்பியவனே அந்த ஐந்து பேரிடமும் போய் இனி அப்படிக் கூப்பிடாதே என்று சொல்வது, இவை சரிசெய்தல். "ஏன் செய்தாய்?" என்று கேட்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதற்குப் பதில் தெரியாது, பொய்தான் வரும்.

ஒரு எல்லை. ஒருவனையே குறிவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் பகடிவதையில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசக் கூடாது. பலம் சமமில்லாத இடத்தில் அது பாதிக்கப்பட்டவனை இன்னொரு முறை மிரட்ட வாய்ப்புத் தருவதாகும். தனித்தனியாகப் பேசுங்கள், துணைத் தலைமையாசிரியருக்குத் தெரியட்டும், எழுத்தில் பதிவு இருக்கட்டும்.

மற்ற சில்லறைத் தகராறுகளுக்கு வகுப்புக்கூட்டம். வாரம் ஒருமுறை, 20 நிமிடம், முதலாம் படிநிலை (முதல் மூன்று ஆண்டுகள்) என்றால் 10 நிமிடம் போதும். வட்டமாக உட்கார்ந்து, கையில் பந்தோ அழிப்பானோ வைத்திருப்பவர் மட்டும் பேசுவார். முதல் ஐந்து நிமிடம் இந்த வாரம் யார் யாருக்கு உதவினார்கள் என்பது. பிறகு பெட்டியில் விழுந்த சீட்டுகளில் ஒரே ஒரு பிரச்சினை. சீட்டில் பெயர் எழுதக் கூடாது, "பந்து விளையாடும்போது பெண்களுக்கு இடம் கிடைக்கவில்லை" என்பது மாதிரி. தீர்வு ஒன்றைத் தேர்ந்து ஒரு வாரம் முயன்று பார்ப்போம் என்று முடியும். பெயர் எழுதவிட்டால் மூன்றாவது வாரத்தில் கூட்டம் நீதிமன்றமாகிவிடும், ஒரே பிள்ளை குற்றவாளிக்கூண்டில் நிற்கும். ஆசிரியர் தானே தீர்வு சொல்லிவிட்டால் நான்காவது வாரத்தில் பெட்டி காலியாக இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_சுகாதாரம்

பள்ளிக்கு வெளியே போகும் பொறுப்புக்கு என் வாக்கு டிங்கி வேட்டைக்கு. காரணம், பிள்ளை செய்கிற வேலையின் பலன் அதே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும், பெரியவர்களுக்கும் உண்மையிலேயே தேவைப்படும். மரம் நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிற மாதிரி இல்லை.

ஏடிஸ் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை, அதே கிழமையில் பார்த்தால் சங்கிலி அறுந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு தலைமுறை பறந்துபோயிருக்கும். பல பள்ளிகளில் இருக்கும் டோக்டர் மூடா (இளம் மருத்துவர்) குழுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

மூவர் ஒரு குழு: ஒருவர் டார்ச் அடிப்பார், ஒருவர் அகப்பையில் நீரை மொண்டு பார்ப்பார், ஒருவர் எழுதுவார். வெள்ளை அகப்பையாக இருந்தால் ஜெந்திக்-ஜெந்திக் (கொசுப்புழு) நெளிவது தெளிவாகத் தெரியும். ஒரு குழுவுக்கு ஒரு பகுதி, 15 நிமிடம். பூச்சட்டியின் அடித்தட்டு, சாமிமேடைப் பூச்சாடி, குளிர்பெட்டியின் பின்தட்டு, வாளி, பழைய டயர், மடித்துப் போட்ட கித்தான், மூங்கில் வேலியின் துளை. கூரைத் தாழ்வாரமும் தண்ணீர்த்தாங்கியும் பெரியவர் வேலை, பிள்ளைகள் ஏணியில் ஏறக் கூடாது. ஏடிஸ் காலையிலும் அந்திக்கு முன்னும் அதிகம் கடிக்கும். அதனால் காலைச் சபைகூடலுக்கு முன்பு அனுப்பாமல் ஓய்வு நேரத்துக்குப் பிறகு அனுப்புங்கள். நீளக்கை சட்டை, காலுறை.

தண்ணீரைக் கொட்டியதோடு வேலை முடியாது, எல்லாரும் தவறும் இடம் இதுதான். முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். பிரஷ் போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். கொட்ட முடியாத தேக்கத்துக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் குருணை, 10 லிட்டருக்கு 1 கிராம், அதைப் பெரியவர்தான் போட வேண்டும்.

பதிவேட்டில் மூன்றே கட்டம்: பார்த்த இடங்கள், நீர் இருந்தவை, ஜெந்திக் இருந்தவை. "பூஜ்யம்" என்று எழுதவும் பழக்குங்கள். ஒன்றும் கிடைக்காத வாரத்தில் பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும், சும்மா உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். அதைப் பிடிக்க, ஆசிரியர் சில இடங்களில் வண்ணப்பொத்தான் ஒன்றைப் போட்டுவைத்து, எத்தனை வந்தது என்று எண்ணலாம். கொசு பெருகும் இடம் வைத்திருப்பவருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை சமரசத் தண்டம் போடலாம், பள்ளிக்கும் சலுகை கிடையாது. இதைச் செயற்குழுவில் சொன்னால் டார்ச் வாங்கக் கையெழுத்து உடனே கிடைக்கும்.

ஓய்வுபெற்ற_தலைமை

நண்பர்கள் சொன்னவற்றோடு வாசிப்புத் துணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர், முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று. வாரம் இருமுறை, 15 நிமிடம். பெரிய மாணவருக்கு முன்கூட்டியே அரைமணி நேரப் பயிற்சி அவசியம். சிறுபிள்ளை சொல்லில் தடுக்கினால் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பிறகும் வரவில்லை என்றால் முதல் எழுத்தைக் காட்டலாம், படத்தைக் காட்டலாம். அப்புறம்தான் சொல்லைச் சொல்லலாம். தானே திருத்திக்கொண்டால் அதைக் குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். அந்த ஐந்து எண்ணுவதுதான் கடினம். பத்து வயதில் பொறுமைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பில் பின்தங்கிய ஐந்தாம் ஆண்டு மாணவர்களையும் துணைவர்களாகப் போடுங்கள். முதலாம் ஆண்டு நூலை அவமானமின்றித் திரும்பப் படிக்க அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வழி அது.

நன்கொடை வசூலில் எனக்கு நம்பிக்கை குறைவு. எந்த வகுப்பு அதிகம் என்று போட்டி வைத்தால் அப்பாவின் பணப்பைதான் போட்டியிடுகிறது. முதியோர் இல்லத்துக்குப் போய் பிஸ்கட் பொட்டலத்தோடு படம் எடுத்துத் திரும்புவதும் அப்படியே. போவதென்றால் முன்பே தொலைபேசியில் என்ன தேவை என்று கேளுங்கள், ஒரே இல்லத்துக்கு ஆண்டில் நான்கு முறை போங்கள், முகங்கள் பழகட்டும், கேமரா வேண்டாம். இன்னொன்று. கூடுதல் உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளைகளின் பெயரைச் சபையில் வாசிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சமூகப் பொறுப்பை ஒருபக்கம் போதித்துவிட்டு மறுபக்கம் ஏழ்மையை ஒலிபெருக்கியில் அறிவிக்க முடியாது.

நம் பிள்ளைகளுக்கு இயல்பாக வாய்த்த களம் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல். பினாங்கில் தண்ணீர்மலை வழியெங்கும், இங்கே பத்துமலையில். பிள்ளைகளை மோர் ஊற்றத்தான் நிறுத்துவார்கள், அது மகிழ்ச்சியான வேலை, ஆட்கள் தாராளமாகக் கிடைப்பார்கள். ஆள் கிடைக்காத வேலை காலிக் கோப்பை. பந்தலிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, குடித்து முடிக்கும் இடத்தில் தொட்டி வையுங்கள். பந்தல் வாசலில் வைத்தால் கோப்பையோடு கடந்துபோய் வீதியில் போடுவார்கள். ஒரு தொட்டிக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர், 45 நிமிடப் பணி, பிறகு மாற்றம். கோப்பையை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஒரே பைக்குள் பல மடங்கு பிடிக்கும், பிள்ளைகள் அதை விளையாட்டாகவே செய்வார்கள். உடைந்த தேங்காய் ஓட்டைக் கையால் எடுக்கவிடக் கூடாது.

கெப்போங்_அப்பா

சரி, திட்டறத விட்டுடறேன் 😄 ஸ்டிக்கர், பாயிண்ட், மாசக்கடைசியில பரிசு குடுக்கலாமா? பிள்ளைங்க பறந்துகிட்டு செய்யும்.

ஜார்ஜ்டவுன்_ஆலோசகர்

பறக்கும், அண்ணே. பரிசு நிற்கும் அன்று இறங்கிவிடும். வார்னெகன், தோமசெல்லோ 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்ததே அதுதான்: உதவிக்குப் பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பொருள் இல்லாத கட்டத்தில் மற்றவர்களைவிடக் குறைவாக உதவின. பல் துலக்குதல் போன்ற சலிப்பான பழக்கத்தைத் தொடங்கிவைக்க ஸ்டிக்கர் இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். பிறருக்கு உதவுவதற்கு வேண்டாம். அதற்குக் கூலி, உதவி பெற்றவரின் வாயால் வரும் ஒரு வரி: "நீ தாள் எடுத்து வச்சதால எனக்குப் புரிஞ்சுது."

"உதவும் செம்மல்" என்று சின்னம் குத்துவதிலும் ஒரு பள்ளம் உண்டு. பட்டம் வாங்கிய பிள்ளை உதவப்போய் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்துவிட்டால், நான் செம்மல் இல்லை போல என்று ஒதுங்கிவிடும். உதவுவதைச் செயலாகப் பேசுங்கள், பட்டமாக வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் மனத்திடம் என்ற தலைப்பில் போட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளிக்குப் போக மறுப்பு, பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்புவது, "நான் இல்லாம போனா நல்லது" என்ற பேச்சு. இந்தப் பிள்ளைக்குப் பயிற்சி போதாது, உதவி வேண்டும். கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருந்தால் அவர், இல்லையென்றால் கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார மருந்தகம்) மருத்துவர். வீட்டில் அடி, துன்புறுத்தல் என்ற ஐயம் இருந்தால் 15999, தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி, நாள் முழுக்க எடுப்பார்கள்.

செந்தூல்_செயலாளர்

நன்றி. செயற்குழுவுக்குக் கொண்டுபோகும் வரைவு இது. விலை கடைக்குக் கடை மாறும்.

மூன்று வகுப்புக்கும் பிடி குட்டையான துடைப்பம், முறம், மாப்: 240. டார்ச் 12: 120. வெள்ளை அகப்பை, பிரஷ், கையுறை: 150. முதலாம் ஆண்டுக்கு வாசிப்பு நூல் 60: 720. வேலை முடிந்த படங்கள் அச்சிட்டு உறையிட: 90. வகுப்புக்கூட்டத்துக்கு நேரங்காட்டி 3: 45. பதிவேடுகள், சீட்டுப்பெட்டி: 60. இதுவரை 1,425. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அரைநாள் பட்டறை, உணவுக்கு 300. மீதி 275 உடைந்ததை மாற்ற.

முதல் மாதம் வகுப்பு வேலை மட்டும். இரண்டாம் மாதம் வகுப்புக்கூட்டம், டிங்கி வேட்டை. மூன்றாம் மாதம் வாசிப்புத் துணை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் ஆசிரியர்கள்தான் முதலில் உடைவார்கள்.

பிறை_டீச்சர்

வேலை மாறும் திங்கட்கிழமைகளில் 10 நிமிடம் ஒதுக்குங்கள். பழைய இருவர் புதிய இருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த 10 நிமிடம் அட்டவணையில் எழுதப்படாவிட்டால் இரண்டாவது சுற்றிலேயே படுத்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்_சுகாதாரம்

டார்ச்சோடு மின்கலத்தையும் கணக்கில் சேருங்கள், 275இல் அதற்கும் கொஞ்சம் போகும். வேட்டையின் முதல் சுற்றைப் பள்ளி விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் வையுங்கள். விடுமுறையில் யாரும் இழுக்காத கழிவறைத் தொட்டிகளைத் திறந்து பாருங்கள், பதிவேட்டின் முதல் பக்கம் பூஜ்யமாக இருக்காது.